.22 ரிவால்வரில் காலி ஓடு சிக்கினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் சுடுதளத்துக்குப் போகிற நம் ஆட்கள் கொஞ்சம் பேர்தான், அதில் ரிவால்வரோடு வருகிறவர்கள் இன்னும் குறைவு. ஆனாலும் சுட்டு முடித்து மாமாக் கடையில் தே தாரே குடிக்க உட்கார்ந்தால் யாராவது ஒருவர் இதைத்தான் கேட்கிறார்: "அண்ணே, சுட்டாச்சு, ஓடு வெளியே வரமாட்டேங்குது, கட்டை விரல் வலிக்குது." ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதிவிட்டேன். கீழே வருவதெல்லாம் லைசன்ஸோடு, கிளப் மூலம் .22 ரிவால்வர் சுடுகிறவர்களுக்கு. 'காலி ஓடு' என்றால் சுட்ட பிறகு அறைக்குள் மிஞ்சுகிற பித்தளைக் கூடு. 'அறை' என்றால் சிலிண்டரில், அதாவது ரிவால்வரின் நடுவில் சுழலும் உருளையில், தோட்டா உட்காரும் ஓட்டை. இந்த இரண்டும் தெரிந்தால் போதும், மற்றதைப் போகப் போகச் சொல்கிறேன்.

நன்றாகத்தான் சுடுகிறது. சிலிண்டரைத் திறந்து, ஓடுகளை வெளியே தள்ளுகிற எஜெக்டர் கம்பியை அழுத்தினால் மட்டும் நகரமாட்டேன் என்கிறது. உள்ளே என்னதான் நடக்கிறது?

குழாய்ப்புட்டு அவித்திருக்கிறீர்களா? குழாயின் உட்புறம் வழவழப்பாக இருந்தால் ஒரு பக்கம் குச்சியால் தள்ளியதும் புட்டு முழுதாக வழுக்கிக்கொண்டு வந்துவிடும். உள்ளே நேற்றைய மாவு காய்ந்து ஒட்டியிருந்தால் என்ன தள்ளினாலும் வராது, வந்தாலும் உடைந்துதான் வரும். இங்கேயும் அதே கதைதான்.

சுடும்போது தோட்டாவுக்குள் இருக்கிற வெடிமருந்து எரிந்து வாயு அழுத்தம் ஏறும். இந்த ரிவால்வர்களில் வழக்கமாகப் போடுகிற .22 லாங் ரைஃபிள் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அளவுப்படி சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு வரை அந்த அழுத்தம் போகலாம். அதில் மெல்லிய பித்தளை ஓடு ஊதிப் பெருத்து அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டுவது தப்பில்லை, ஒட்டினால்தான் வாயு பின்பக்கமாக முகத்தை நோக்கி வராது. அழுத்தம் இறங்கியதும் பித்தளை கொஞ்சம் சுருங்கி விட்டுவிட வேண்டும். சுவரில் அழுக்கோ சொரசொரப்போ இருந்தால் பித்தளை அதன் மேலேயே அச்சாகப் பதிந்துவிடுகிறது, சுருங்கினாலும் பிடி விடுவதில்லை.

பெரிய தோட்டாக்களில் அழுத்தம் இன்னும் கூடுதல் என்கிறார்கள். அவை லேசாக வந்துவிடுகின்றன, இந்தச் சின்னது மட்டும் ஏன் அடம்பிடிக்கிறது?

நல்ல கேள்வி. காரணம் அழுத்தத்தில் இல்லை, இந்தத் தோட்டாவின் பிறப்பிலேயே இருக்கிறது. இது ரிம்ஃபயர் வகை. ரிம்ஃபயர் என்றால் தீப்பற்றும் மருந்து ஓட்டின் விளிம்பு மடிப்புக்குள் இருக்கிறது, துப்பாக்கியின் சுத்தியல் ஊசியால் விளிம்பை நசுக்கித்தான் பற்ற வைக்கிறது. நசுங்க வேண்டுமானால் பித்தளை மெல்லியதாகவும் மென்மையாகவும் இருந்தாக வேண்டும். மென்மையான உலோகம் எதிலும் எளிதாகப் பதியும்.

அடுத்தது, .22 குண்டின் வெளிப்புற அகலமும் ஓட்டின் அகலமும் ஏறக்குறைய ஒன்றுதான், 5.7 மில்லிமீட்டர். 1857-இல் .22 ஷார்ட் வந்த காலத்திலிருந்தே இந்த அமைப்பு அப்படியேதான் இருக்கிறது. அதனால் குண்டின் மேல் பூசிய மெழுகு ஓட்டுக்குள் ஒளிந்திருக்காமல் வெளியே திறந்து கிடக்கிறது. சட்டைப் பை நூல், மேசைத் தூசி என்று எல்லாம் அதில் ஒட்டும், அப்படியே அறைக்குள் போகும். அங்கே மெழுகும் ஈயமும் கரியும் சேர்ந்து சூட்டில் வெந்து சுவரில் பூச்சாகப் படிகிறது. நம் ஊர் வெயிலில் காரில் வைத்த தோட்டாப் பெட்டியைத் திறந்து பாருங்கள், மெழுகு இளகி விரலில் ஒட்டும்.

மூன்றாவது வெறும் கணக்கு. பெரிய ரிவால்வரில் ஐந்தோ ஆறோ ஓடு. .22-இல் எட்டு வைக்கிற மாடல் இருக்கிறது, பத்து வைக்கிற மாடலும் இருக்கிறது. பத்து ஓடுகளையும் ஒரே கம்பி ஒரே தடவையில் தள்ள வேண்டும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் பிடிப்பு இருந்தாலும் மொத்தமாகக் கட்டை விரலுக்கு அது பெரிய பாரம்.

என்னுடையதில் எது காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். சிக்குகிறது என்றதும் "துப்பாக்கி சரியில்லை, விற்றுவிடலாமா" என்கிறார்கள். நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எப்போது சிக்குகிறது? பாதி விடை அதிலேயே இருக்கிறது.

சுத்தமான துப்பாக்கியில் முதல் மூன்று நான்கு சுற்று லேசாக வந்து, ஐம்பது அறுபது குண்டு போன பிறகு இறுகினால் அது அழுக்கு. வேறு யோசனையே வேண்டாம். நன்றாகத் துடைத்த துப்பாக்கியில் முதல் சுற்றிலேயே எல்லா ஓடும் இறுக்கமாக இருந்தால், ஒன்று அறைகள் அளவில் நெருக்கமாகக் குடையப்பட்டிருக்கின்றன, இல்லையென்றால் குடைந்த கருவி விட்டுப்போன வளையக் கோடுகள் சுவரில் இருக்கின்றன, அதுவும் இல்லையென்றால் நீங்கள் வாங்குகிற தோட்டாவுக்கும் அந்த அறைக்கும் ஒத்துப்போகவில்லை. ஒன்றிரண்டு ஓடு மட்டும் எப்போதும் அடம்பிடித்தால் அந்த அறைகளில்தான் ஏதோ இருக்கிறது.

இதை ஊகமாக விடாமல் சோதிக்கலாம், செலவு ஒரு மார்க்கர் பேனாதான். சிலிண்டரின் வெளிப்புறத்தில் அறைகளுக்கு எண் போடுங்கள் (துடைத்தால் போய்விடும், பயப்பட வேண்டாம்). ஒரு சுற்று சுடுங்கள். எல்லாம் சுட்டாகிவிட்டது என்று ஒவ்வொரு ஓட்டின் பின்புறத்திலும் ஊசி விழுந்த தடத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள். அப்புறம் எஜெக்டர் கம்பியைத் தொடாமல், சிலிண்டரின் முன்பக்கத்திலிருந்து மெல்லிய மரக் குச்சியால் ஓடுகளை ஒவ்வொன்றாகத் தள்ளுங்கள். சாத்தே குச்சியின் மழுங்கிய முனை இதற்கென்றே செய்தது போல இருக்கும். கம்பியின் பின்முனையில் ஓடுகளின் விளிம்பைப் பிடித்துத் தள்ளுகிற பல் வைத்த தகடுதான் 'நட்சத்திரம்'. நட்சத்திரத்தின் பற்கள் எல்லா விளிம்புக்கும் அடியில் இருப்பதால் ஒரு ஓடு நகரும்போது மற்றவற்றை இழுக்காது, ஆகவே ஒவ்வொன்றின் பிடிப்பும் தனித்தனியாக விரலில் தெரியும். எந்த எண் இறுக்கம் என்று எழுதி வையுங்கள். வேறு கம்பெனித் தோட்டா ஒரு பெட்டி வாங்கி மறுபடியும் செய்யுங்கள். முதலில் இறுகியது 3-ஆம் எண்ணும் 7-ஆம் எண்ணும் என்று வைத்துக்கொள்வோம், அதே 3-ம் 7-ம் மறுபடியும் இறுகினால் குற்றம் இரும்பில். எல்லாமே சமமாக லேசானால் குற்றம் பழைய தோட்டாவில்.

இன்னொரு துப்பு, தோட்டாவை உள்ளே போடும்போதே இருக்கிறது. நல்ல அறையில் தோட்டா தன் எடையிலேயே விழுந்து 'டக்' என்று உட்காரும். கடைசி இரண்டு மில்லிமீட்டருக்குக் கட்டை விரலால் அழுத்த வேண்டியிருந்தால், அறை நெருக்கமாக இருக்கிறது அல்லது அழுக்கு வளையம் கட்டியிருக்கிறது. சுகமாக உள்ளே போய்ச் சுட்ட பிறகு மட்டும் சிக்கினால் சொரசொரப்பையோ துரு அரித்த குழிகளையோ தேடுங்கள். காலி ஓடுகளை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கீறல் நீளவாக்கில் இருக்கிறதா, சுற்றிலும் வளையமாக இருக்கிறதா, ஒரே இடத்தில் புள்ளியாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும், அறைச் சுவரில் என்ன இருக்கிறதோ அது ஓட்டில் அச்சடித்திருக்கும்.

சரி, அழுக்குதான் என்று வைத்துக்கொள்வோம். நான் ஒவ்வொரு தடவையும் துடைக்கிறேனே!

குண்டு வெளியே போகிற குழலைத் துடைத்திருப்பீர்கள். அறையை யாரும் துடைப்பதில்லை, ஒரு துணியை உள்ளே விட்டு எடுத்தால் துடைத்ததாக நினைத்துக்கொள்கிறோம். வெந்து படிந்த கரி துணிக்கு அசையாது.

செய்ய வேண்டியது இது. துப்பாக்கி காலி என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு, தோட்டாப் பெட்டியை வீட்டில் வேறு இடத்தில் வைத்துவிட்டு உட்காருங்கள். சிலிண்டரைத் திறந்து ஒவ்வொரு அறையிலும் துப்பாக்கிக்கான கரைப்பான் இரண்டு சொட்டு விட்டு, கால் மணி நேரம் அப்படியே ஊறவிடுங்கள். அந்த நேரத்தில் குழலைப் பார்த்துக்கொள்ளலாம். அப்புறம் வெண்கலக் கம்பித் தூரிகை. .22 குழலுக்கு விற்கிற தூரிகை அறைக்குள் தொளதொளவென்று போகும், ஏனென்றால் அறை குழலைவிடக் கொஞ்சம் அகலம். அதனால் ஒரு அளவு பெரியதை, .25 அளவுத் தூரிகையைக் கேட்டு வாங்குங்கள். அது கெட்டியாகப் பிடித்துச் சுரண்டும். பின்பக்கத்திலிருந்து விட்டு, ஒரே பக்கமாகத் திருகிக்கொண்டே முன்னால் தள்ளி வெளியே எடுங்கள், அறைக்குப் பத்துத் தடவை. எஃகுக் கம்பித் தூரிகை வேண்டவே வேண்டாம். கடைசியில் உலர்ந்த துணி, கறுப்பு வருவது நிற்கும் வரை.

இத்தோடு முடிந்ததா என்றால், எல்லோரும் விட்டுவிடுகிற இடம் ஒன்று இருக்கிறது. கம்பியை அழுத்தி நட்சத்திரத்தை வெளியே நிறுத்திப் பிடித்துக்கொண்டு, அதன் அடியிலும் அது உட்காரும் பள்ளத்திலும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். எரியாத மருந்துத் துணுக்கு ஒன்று அங்கே ஒளிந்திருந்தால் நட்சத்திரம் முழுதாக உட்காராது, சிலிண்டர் சுற்றுவதே கனமாகிவிடும். "விசை திடீரென்று இறுகிவிட்டது" என்று வந்து நிற்பவர்களில் பலருக்கு இதுதான், இரண்டு நிமிட வேலை.

தளத்தில் சுட்டுக்கொண்டிருக்கும்போதே இறுக ஆரம்பித்தால் வீட்டுக்கு வரும் வரை காத்திருக்க வேண்டாம். பையில் அந்தத் தூரிகையைக் கட்டைப் பிடியோடு வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது குண்டுக்கு ஒரு தடவை ஒவ்வொரு அறையிலும் உலர்வாக ஒரு விடு விட்டு எடுத்தால் அன்றைய பொழுது ஓடிவிடும்.

எண்ணெய் விட்டால் வழுக்கிக்கொண்டு வந்துவிடாதா?

முதல் இரண்டு சுற்று வரும். அப்புறம் அந்த எண்ணெயே கரியைக் குழைத்துப் பசையாக்கிவிடும், முன்பைவிட மோசம். தோட்டாவுக்குள் எண்ணெய் கசிந்தால் மருந்தும் கெடலாம். சுடப் போகும்போது அறைகள் உலர்ந்துதான் இருக்க வேண்டும்.

எடுத்து வைக்கும்போது மட்டும் மெல்லிய எண்ணெய்ப் படலம் தேவை, ஏனென்றால் இது கோலாலம்பூர், காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். மழை நாளில் ஒரு வாரம் நுரைப் பெட்டிக்குள் மூடி வைத்தால் அறைச் சுவரில் செந்நிறப் புள்ளி வந்துவிடும். ஸ்டெயின்லெஸ் என்றாலும் துருவே பிடிக்காது என்று நினைக்காதீர்கள். புள்ளி குழியாகிவிட்டால் அதில் பித்தளை பதிந்து பதிந்து ஆயுசு முழுக்கச் சிக்கும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போடுங்கள். சுடுகிற நாள் காலையில் அந்த எண்ணெயைத் துடைத்துவிடுங்கள், அவ்வளவுதான்.

ரப்பர் சுத்தியலால் கம்பியை லேசாகத் தட்டலாமா? மேசை முனையில் வைத்து அழுத்துகிறேன், வேலை செய்கிறது.

வேலை செய்யும். எனக்கும் செய்தது, மூன்று மாதம். அப்புறம் சிலிண்டர் சுற்றும்போது ஒரு இடத்தில் மட்டும் தயங்க ஆரம்பித்தது, மூடும்போது தடுக்கியது. கழற்றிப் பார்த்தால் கம்பி வாழைக்காய் போல வளைந்திருந்தது, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு. ஐந்து நிமிடம் தூரிகை பிடிக்கச் சோம்பல்பட்டதற்கு ரிவால்வர் ஒன்றரை மாதம் பட்டறையில் கிடந்தது. தட்டாதீர்கள்.

தள்ளுகிற முறையைச் சரி செய்யுங்கள், பாதி தொல்லை அதிலேயே போகும். நிறையப் பேர் துப்பாக்கியைப் படுத்தவாக்கில் பிடித்துக்கொண்டு கட்டை விரலால் மெதுவாக அழுத்துகிறார்கள். மெதுவாக அழுத்தினால் ஓடு பாதி வந்து சாயும், விளிம்பு நட்சத்திரத்தின் பல்லை விட்டு நழுவும், எரியாத துணுக்குகள் நட்சத்திரத்தின் அடியில் கொட்டும். குழல் வானத்தைப் பார்க்க நிமிர்த்தி, இடது கை விரல்கள் இரண்டால் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு, வலது உள்ளங்கையால் கம்பியின் தலையில் ஒரே அடி, கடைசி வரை. ஓடுகளும் தூசியும் தரையில் கொட்டிவிடும். விரல் விசையில் இருக்கக் கூடாது என்று நான் சொல்லத் தேவையில்லை. சில சுடுதளங்களில் குழலை மேலே தூக்க அனுமதி கிடையாது, இலக்குப் பக்கமே பார்க்க வேண்டும். அங்கே தள அதிகாரியிடம் கேட்டுவிட்டு, அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

குட்டைக் குழல் மாடல்களில் இன்னொரு சிக்கல். கம்பியும் குட்டை. லாங் ரைஃபிள் ஓட்டின் நீளம் 15.6 மில்லிமீட்டர், கம்பி அவ்வளவு தூரம் போகாது. கடைசிக் கொஞ்சத்துக்கு நீங்கள் அடிக்கிற அடியின் வேகம்தான் ஓட்டை எறிய வேண்டும். அதில் மெதுவாக அழுத்தி எந்தக் காலத்திலும் எல்லா ஓடுகளையும் எடுக்க முடியாது.

ஒரு ஓடு நட்சத்திரத்துக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது. இப்போது திறக்கவும் முடியவில்லை, மூடவும் முடியவில்லை.

பதறாதீர்கள். கம்பியை முழுதாக அழுத்தி, நட்சத்திரத்தை எவ்வளவு வெளியே வருமோ அவ்வளவு வெளியே நிறுத்துங்கள். வேறொருவரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் சுலபம். குழலைக் கீழ்ப்பக்கம் சாய்க்காமல், சாத்தே குச்சியால் ஓட்டின் வாய்ப்பக்கத்தை முன்னாலிருந்து தள்ளிக்கொண்டே விளிம்பை நட்சத்திரத்தின் பல்லுக்கு வெளியே திருப்பிவிடுங்கள். ஓடு நசுங்கினால் நசுங்கட்டும், ரிம்ஃபயர் ஓட்டை மறுபடி நிரப்பிச் சுடுவதில்லை, குப்பைதான். நட்சத்திரத்தை மட்டும் நெம்பி வளைத்துவிடாதீர்கள், அதுதான் விலை.

சிக்கியிருப்பது சுடாத தோட்டாவாக இருந்தால்?

அப்போது கதை வேறு. பற்றும் மருந்து விளிம்பில் இருக்கிறது என்றேன் அல்லவா? ஸ்குரூடிரைவரை விளிம்புக்கு அடியில் கொடுத்து நெம்புவதும், சுத்தியல் விழுவதும் அந்த மருந்துக்கு ஒன்றுதான். இரும்பு எதையும் விளிம்புக்குப் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள்.

விசை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் பொறுங்கள், தாமதமாக வெடிப்பதும் உண்டு. அதன் பிறகும் வரவில்லையென்றால் கை தூக்கித் தள அதிகாரியைக் கூப்பிடுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. 'புஸ்' என்று பலவீனமாகச் சத்தம் வந்தாலும் அடுத்ததைச் சுடாதீர்கள், குண்டு குழலிலேயே நின்றிருக்கலாம்.

தோட்டாவை மாற்றினால் தீருமா?

பல சமயம் தீரும், செலவும் குறைவு. மெழுகு பூசிய வெறும் ஈயக் குண்டைவிடச் செம்பு முலாம் பூசிய குண்டு அறைக்குள் குறைவாக அழுக்கு விடுகிறது. எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்காதீர்கள், என் ரிவால்வருக்குப் பிடித்தது உங்களுடையதற்குப் பிடிக்காது. வெவ்வேறு கம்பெனியில் ஒவ்வொரு பெட்டி வாங்கிப் பாருங்கள். லைசன்ஸில் எழுதியிருக்கும் எண்ணிக்கைக்கு மேல் கையில் வைத்திருக்க முடியாது, ஆகவே ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததை வாங்குங்கள்.

அதிவேகத் தோட்டாக்கள் கூடுதலாகச் சிக்கும். இலக்குக்குச் சுடுகிறவர்களுக்கு அந்த வேகம் எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை, 25 மீட்டரில் காகிதம் ஓடிவிடாது. ஸ்டிங்கர் என்று ஒரு தோட்டா இருக்கிறது, அதன் ஓடு சாதாரண லாங் ரைஃபிளைவிட நீளம், 17.8 மில்லிமீட்டர். நெருக்கமாகக் குடைந்த போட்டி அறைகளில் அதைப் போடவே கூடாது.

.22 ஷார்ட் பற்றியும் கேட்கிறார்கள். லாங் ரைஃபிள் அறையில் அது சுடும், ஆனால் அதன் ஓடு 10.7 மில்லிமீட்டர்தான். அதன் வாய் முடிகிற இடத்துக்கு முன்னால் கரியும் ஈயமும் ஒரு வளையமாகப் படியும். அப்புறம் லாங் ரைஃபிளைப் போட்டால் அந்த வளையத்தில் போய் இடிக்கும், அழுத்தி உள்ளே விட்டால் வெளியே வராது. ஷார்ட் சுட்ட அன்றே தூரிகை போட்டுவிடுங்கள்.

இன்னொன்று தவறு என்று தெரியாமலே சிலர் செய்வது. சில ரிவால்வர்களுக்கு இரண்டு சிலிண்டர் வரும், ஒன்று லாங் ரைஃபிளுக்கு, மற்றது .22 மேக்னத்துக்கு. பெயரில் இரண்டும் .22, ஆனால் 1959-இல் வந்த மேக்னம் ஓட்டின் அகலம் 6.1 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அந்தச் சிலிண்டரில் லாங் ரைஃபிளைப் போட்டால் லேசாக உள்ளே போகும், சுட்டதும் ஓடு வயிறு ஊதி வெடிக்கும். வெடித்த ஓடு, வயிறு ஊதிய ஓடு எது வந்தாலும் அன்றைக்குச் சுடுவதை நிறுத்திவிட்டு எந்தச் சிலிண்டர் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள்.

ஒரே ஒரு அறையில் மட்டும் சிக்குகிறது, எவ்வளவு துடைத்தாலும் அப்படியே இருக்கிறது.

அந்த அறையின் பின் விளிம்பில், ஊசி விழுகிற இடத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். சின்னப் பள்ளம் தெரிகிறதா? தோட்டா இல்லாமல் விசை இழுத்து இழுத்துப் பழகினால் ஊசி நேராக அறையின் விளிம்பிலேயே குத்துகிறது. குத்திய இடத்து இரும்பு ஒதுங்கி அறைக்குள் பிசிறாக நீட்டிக்கொள்ளும், தோட்டாவை உள்ளே விடும், வெளியே விடாது. வாங்கிய புதிதில் டிவி முன்னால் உட்கார்ந்து 'டிக் டிக்' என்று பழகியவர்களுக்கெல்லாம் இந்த வியாதி வரலாம். ஊசி விளிம்பைத் தொடாதபடி செய்த மாடல்களும் இருக்கின்றன, ஆனால் கையேட்டைப் படிக்காமல் நம்ப வேண்டாம்.

இதை அரம் வைத்துத் தேய்ப்பது தப்பு. ஒதுங்கிய இரும்பை மறுபடி இருந்த இடத்துக்கே அழுத்தித் தள்ளுவதற்கென்று ஒரு கூம்பு முனைக் கருவி இருக்கிறது, பழுது பார்ப்பவரிடம் இருக்கும். இனிமேல் வெறும் விசை பழக வேண்டுமானால் அதற்கென்று விற்கிற போலித் தோட்டாவைப் போட்டுப் பழகுங்கள். ஏற்றி இறக்கிப் பழகுவதற்கு மட்டும் என்று எழுதிய .22 போலித் தோட்டாக்களும் உண்டு, அவை ஊசி அடிக்குத் தாங்காது. பெட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

அமெரிக்காவில் இருக்கிற மச்சான் ஒரு வீடியோ அனுப்பினார். சமையலறை மேசையில் வைத்தே ரீமர் (ஓட்டையைச் சுரண்டி அகலமாக்கும் கருவி) விட்டு அறையைச் சரி செய்கிறார்கள். நானும் செய்யலாமா?

வேலை உண்மைதான். அறை நெருக்கமாகக் குடையப்பட்டிருந்தால் அதற்கு முடிவான வைத்தியமும் அதுதான். இலக்குச் சுடுதலுக்கென்று செய்த ரிவால்வர்களில் துல்லியத்துக்காக அறையை நெருக்கமாக விட்டிருப்பார்கள். இறுதிக் குடைவு ரீமரை வெட்டெண்ணெய் விட்டுக் கையாலேயே மெதுவாகச் சுற்றி, ஒரு மயிரிழைக்கும் குறைவாகச் சுரண்டி எடுத்தால் ஓடு வெண்ணெய் போல வரும். ஆனால் எடுத்த இரும்பைத் திருப்பி வைக்க முடியாது. கொஞ்சம் கூடினால் ஓடு வெடிக்கும், சிலிண்டரே போச்சு. டிரில்லில் மணல் காகிதம் சுற்றி விடுகிற வீடியோவும் சுற்றுகிறது, அதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். சில இலகுவான மாடல்களில் சிலிண்டர் அலுமினியம், அதன் மேல்பூச்சு போனால் கதை முடிந்தது.

அதெல்லாம் போகட்டும், இங்கே அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது.

என்ன காரணம்? என் துப்பாக்கி, என் லைசன்ஸ்.

லைசன்ஸ் வைத்திருக்கவும் சுடவும்தான். மலேசியாவில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி செய்வதற்கும் விற்பதற்கும் மட்டுமல்ல, பழுது பார்க்கும் தொழிலுக்கும் தனி உரிமம் வேண்டும். அந்தச் சட்டம் 'ஆயுதம்' என்று சொல்லும்போது அதன் பாகங்களும் சேர்த்திதான். ஆகவே சிலிண்டரை மட்டும் கழற்றித் துணியில் சுற்றி, செந்தூலில் தெரிந்தவர் லேத் பட்டறைக்குக் கொண்டு போகிற யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். அவர் கையில் அது இருக்கிற நேரத்தில் அவர் உரிமம் இல்லாமல் வைத்திருக்கிறார். 1971-ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டம் சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பதற்குப் பதினான்கு ஆண்டு வரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும் சொல்கிறது. நட்புக்குச் செய்கிற உதவியா அது?

துடைப்பது, தூரிகை போடுவது, எண்ணெய் வைப்பது உங்கள் வேலை. இரும்பைத் தொடுகிற எதுவும், அதாவது ரீமர், பிசிறு எடுப்பது, வளைந்த கம்பி மாற்றுவது எல்லாம், உரிமம் உள்ள பழுது பார்ப்பவர் வேலை. கொண்டு போவதற்கு முன்னால் என்ன காகிதம் வேண்டும் என்று கிளப் செயலாளரிடமோ லைசன்ஸ் கொடுத்த போலீஸ் அலுவலகத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள். அவரிடம் கொடுக்கும்போது "சிக்குகிறது" என்று மட்டும் சொல்லாமல், எண் போட்டு எழுதிய அந்தக் குறிப்பையும் சிக்கிய ஓடுகளையும் சேர்த்துக் கொடுங்கள். 3-ம் 7-ம் என்று சொன்னால் அவர் அந்த இரண்டை மட்டும் அளந்து பார்ப்பார், உங்கள் பணமும் மிச்சம்.

மெட்டல் பாலிஷ் மட்டும் போடலாமா?

பருத்தித் துணியில் கொஞ்சம் தொட்டுக் கையால் தேய்த்தால் கறையும் கரியும் போகும், இரும்பு குறையாது. அந்த அளவு பரவாயில்லை. மெஷினில் மாட்டாதீர்கள். தேய்த்த பாலிஷை முழுதாகக் கழுவி எடுங்கள், மிஞ்சியது உப்புக் காகிதம் போல உள்ளேயே வேலை செய்துகொண்டிருக்கும்.

என்னுடையது பழைய கௌபாய் மாதிரி, ஓடுகளை ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

உங்களுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது. ஒரே நேரத்தில் ஒரு ஓடு என்பதால் சிக்கினாலும் கட்டை விரல் தாங்கும், நட்சத்திரத் தொல்லையும் கிடையாது, எந்த அறை மோசம் என்று சோதனை இல்லாமலே தெரிந்துவிடும். துடைக்கிற முறை அதேதான். சிலிண்டரின் நடு ஊசியை உருவினால் முழுச் சிலிண்டரும் கையில் வந்துவிடும், துடைப்பது இன்னும் சுலபம்.

வீட்டில் எங்கே வைத்துத் துடைப்பது? மனைவி திட்டுகிறாள்.

அவர் சொல்வது சரி. கரியோடு வருவதில் ஈயம் இருக்கிறது, குண்டிலிருந்தும் வரும், பற்றும் மருந்திலிருந்தும் வரும். சாப்பாட்டு மேசை கூடவே கூடாது, சின்னப் பிள்ளைகள் தவழ்கிற இடமும் கூடாது. காற்றோட்டமான இடத்தில், பழைய செய்தித்தாளை விரித்து, கையுறை போட்டுச் செய்யுங்கள். முடிந்ததும் அப்படியே சுருட்டிக் கட்டிக் குப்பையில். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முறுக்கு டப்பாவில் கை விடாதீர்கள்.

கிளப்பில் ஒருவர் பழைய .22 ரிவால்வரை விற்கிறார். சிக்குமா சிக்காதா என்று வாங்குவதற்கு முன்னால் எப்படித் தெரியும்?

பேப்பர் வேலை ஆரம்பிப்பதற்கு முன்னால், அவரையே தளத்தில் சுடச் சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள். ஒரு சுற்று போதாது, ஐம்பது குண்டு போகட்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஓடுகளை அவர் எப்படி எடுக்கிறார் என்று அவர் கையைப் பாருங்கள், இலக்கைப் பார்க்காதீர்கள். சிலிண்டரைத் திறந்து கம்பியை விரலால் மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள், நுனி ஆடினால் கம்பி வளைந்திருக்கிறது. அறைகளின் பின் விளிம்பில் ஊசிப் பள்ளம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அவர் பையைத் திறக்கும்போது உள்ளே ரப்பர் சுத்தியல் கிடந்தால், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.